ஒன்றுக்கும் உதவாத பேரன்

1

லென் ஜப்பானிலிருந்து திரும்பி நேற்றுத்தான் வேலைக்கு வந்தார். மாமனாரின் இறுதிச் சடங்குக்காக மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இங்கே அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில், சாப்பாட்டுச் சாமான் அடைக்கிற தகர டின்கள் செய்யும் தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வையாளர். காலை மணி அடிக்க முன்னமே என் மெசினடிக்கு வந்து, காதில் செருகியிருந்த பஞ்சை எடுக்கும்படி கையைக் காட்டினார். எடுத்தேன். போன காரியத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு ஒரு ஜப்பானியச் சொல்லைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்ட பிறகும் அது போகவில்லை. ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்தால் விளங்கிக்கொள்வார்கள், இங்கே இருப்பவர்களுக்குத்தான் விளங்கப்படுத்துவது கஷ்டம் என்று தோன்றியது. ஆகவே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாயால் சொல்வதற்கு எனக்குக் கூச்சம். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

2

எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று சொன்னால் அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

கலியாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடங்கள் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஜப்பானியர் வீட்டில் குசினி வேலை செய்தேன். ஐயா ஒரு வியாபார நிறுவனத்தின் ஆள். அறுபது வயதை நெருங்கியவர். அவரும் நாங்கள் அம்மா என்று கூப்பிடும் அவர் மனைவியும் மட்டும்தான் அந்த வீட்டில். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஜப்பானில். அனுராதபுரத்துக்கு யாத்திரை வருகிற வயதான ஜப்பானியர்கள் போகும்போதோ வரும்போதோ அந்த வீட்டில் ஒரு பின்னேரம் தங்கித் தேநீர் குடிப்பார்கள். தேநீர் ஊற்றுவது என் வேலை.

அவர்கள் பேசுவது எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் வெயில். அடுத்தது முழங்கால் வலி. அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகள். "ஒமாகோசான் வா ஒகென்கி தெசு கா?" உங்கள் பேரப்பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்பார். மற்றவர் தலையைக் குனிந்து, உங்கள் தயவால் சுகம் என்பார். கேட்டவர் விடமாட்டார். படத்தில் பார்த்தேன், எவ்வளவு அறிவான முகம் என்பார். அவ்வளவுதான், மற்றவர் பதறிப்போவார். "இய்யே, இய்யே!" இல்லை, இல்லை. எங்கள் வீட்டுப் பேரன் ஒன்றுக்கும் உதவாதவன், படிப்பு ஏறாது, நாலு பேர் முன்னால் காட்டவே வெட்கம் என்று ஒரு பாட்டம் சொல்லி முடிப்பார். முதலில் கேட்டவர் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவரும் "இய்யே, இய்யே" என்று மறுத்து, இன்னும் புகழுவார். இப்படியே இரண்டு குவளை தேநீர் போய்விடும். அந்த மேசையை மட்டும் பார்த்த ஒருவன், ஜப்பானில் எல்லோருடைய பேரப்பிள்ளைகளும் மக்குகள், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மாத்திரம் கெட்டிக்காரர்கள் என்று எண்ணிவிடுவான்.

தேநீர் கொண்டுவருகிறவன் மரம் மாதிரி நின்றால் வந்தவர்களுக்கு மரியாதை இல்லை என்று அம்மா இந்தப் பேச்சையெல்லாம் எனக்கும் பழக்கிவிட்டார். அதனால் நான் அறிந்த ஜப்பானியம் வயதானவர்களிடம் பேரப்பிள்ளைகளின் சுகம் விசாரிக்கிற ஜப்பானியம். பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க எனக்கு வராது.

அவுஸ்திரேலியா வருவதற்கு என் மனைவியின் தமையன்தான் எங்களுக்குப் பொறுப்பு நின்றார். வெள்ளைக்காரருக்கு மட்டும் என்ற பழைய ஏற்பாட்டை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். நேர்முகத்தில் அந்த அதிகாரி என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டார். தமிழ், கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் ஜப்பானியம் என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். மைத்துனர் பிறகு ஏசினார்: "உமக்கென்ன விசரோ? அவன் கேக்காத ஜப்பானை ஏன் உள்ளுக்கு இழுக்கிறீர்?"

ஆனால் அந்த ஜப்பான் தொழிற்சாலைக்கும் வந்தது. புது மெசின் பூட்ட ஜப்பானிலிருந்து ஒரு இளம் பொறியியலாளர் வந்தார். தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூச்சத்தை விட்டுப் போய் வணக்கம் சொல்லி, வீட்டில் பெரியவர்கள் நலமா என்று விசாரித்தேன். அவர் வாயிலிருந்த சோறு சிதறிவிட்டது. என் பேச்சு அப்படியே ஒரு வயதான பெண்மணியின் பேச்சு என்று அவர் தன் இங்கிலீஷில் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார். அதன்பிறகு கொஞ்சக் காலம் என்னைக் கன்டீனில் "கிழவி" என்றுதான் கூப்பிட்டார்கள். லென்னும் அன்று அந்த மேசையில் இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

3

லென்னின் மனைவி மிச்சிக்கோ ஜப்பான்காரி. யுத்தம் முடிந்து ஜப்பானில் நிறுத்தப்பட்டிருந்த பட்டாளத்தில் லென் இருந்தபோது சந்தித்துக் கலியாணம் செய்துகொண்டவர்கள். நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறகு ஒரு மகன். டேவிட். அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது மிச்சிக்கோ நோய் வருத்தத்தில் இறந்துபோனார். நான் அந்தப் பெண்ணைக் கண்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு தேநீர் இடைவேளையில் லென் என்னைத் தேடி வந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். செல்லத்துரை என்ற என் பெயரை அவர் செல் என்று சுருக்கிவிடுவார்.

"செல், ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை ஏதும் இருக்கோ?"

"இல்லை."

"மிச்சிக்கோ போய் ஒரு வருசம். அவளின்ர தாயும் தகப்பனும் வந்திருக்கினம். எனக்கு அவையின்ர பாஷை பியர் கேக்கிற அளவுக்குத்தான் தெரியும். அவைக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் இல்லை. பெடியனுக்கும் தாய் சொல்லிக் குடுக்கேல்லை, பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணுவாங்கள் எண்டு. ஒரு கிழமையா அஞ்சு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறம்."

ஐந்தாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. மனைவியையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்.

பிறகு குரலைத் தாழ்த்தி உள்ள விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு டிசம்பர் விடுமுறைக்கும் டேவிட்டைத் தங்களிடம் அனுப்பவேண்டும் என்று அவர்கள் கேட்கப்போகிறார்கள். வரமுன்னமே யாரோ ஒருவரைக் கொண்டு இங்கிலீஷில் எழுதுவித்திருந்தார்களாம். லென்னுக்கு அரை மனம்.

"எங்கட கலியாணத்துக்குத் தகப்பன் வரேல்லை. டேவிட் பிறக்கும்வரைக்கும் ஒரு சொல் இல்லை. இப்ப பெடியனைக் கேக்கினம். எனக்கும் அவனை விட்டா ஆர் இருக்கினம்? ஆனா அவைக்கும் அவனை விட்டா ஆரும் இல்லை. மிச்சிக்கோ ஒரே பிள்ளை." தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "நேரில கேட்டு முடிவெடுப்பம் எண்டிருக்கிறன். நீ ஒண்டும் கூட்டாதே, குறைக்காதே. அவை சொல்லுறதை அப்பிடியே சொல்லு."

சரி என்றேன்.

4

எங்களுக்கு ஆட்டைத் திவசம், அந்த முதல் வருடத் திவசம், எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கும். மிச்சிக்கோவின் படத்தின் முன்னால் ஒரு கிண்ணத்தில் சோறு, ஒரு குவளை தேநீர், தோல் உரித்த தோடம்பழம். படத்தில் இருந்த பெண் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

வயதானவர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். அவர் மனைவி சாம்பல் நிற உடையில். வாசலிலேயே இருவரும் இடுப்புவரை குனிந்தார்கள். நானும் குனிந்து, கொள்ளுப்பிட்டியில் பழகியபடி வணக்கம் சொல்லி, குளிர் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மாளின் முகம் மாறியதைச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கிழமையாக வாய் கட்டிக் கிடந்தவர் அல்லவா. முழங்கால் வலி பற்றிச் சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"இன்னும் இல்லை. ஒரு மகள் மட்டும். பதினாலு வயது. வெறும் சோம்பேறி."

"இய்யே, இய்யே! தகப்பனைப் பார்த்தாலே தெரிகிறது. அருமையான பிள்ளையாகத்தான் இருப்பாள்."

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் கழித்து அந்தப் பேச்சு நாக்கில் அப்படியே இருக்கிறதே என்று எண்ணிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனேன்.

மேசையில் டேவிட் தகப்பனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். தாயின் கண், தகப்பனின் செம்பட்டைத் தலை. பெரியவர் சாப்பிடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சைத் தொடக்கி வைக்க லென் விரும்பினார்.

"அவருக்குச் சொல்லு, டேவிட் நல்ல பெடியன். பள்ளிக்கூட நீச்சலில முதலாவதா வந்தவன். கணக்கிலயும் கெட்டிக்காரன்."

சொன்னேன். பெரியவரின் முகம் காது மடல்வரை சிவந்தது. மகிழ்ச்சி தாங்காமல் தலையைக் குனிந்தார். கோட்டின் நுனி சாப்பாட்டுக் கோப்பையில் தொட்டது.

"இய்யே, இய்யே. ஃபுதெக்கி. ஒன்றுக்கும் உதவாத பேரன். கெட்டித்தனம் எதுவும் இல்லை. ஒழுங்காக இருக்கவும் தெரியவில்லை. தகப்பனாருக்கு எவ்வளவு தொல்லை கொடுக்கிறானோ. மன்னிக்கவேண்டும்."

தமிழில் சொல்லச் சொல்லியிருந்தால் இந்தச் சொற்களுக்குப் பொருத்தமான குரல் என் வாயில் தானாக வந்திருக்கும். சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் இருந்தது தொழிற்சாலை இங்கிலீஷ். பழுதான டின்னைத் தனியே எடுத்து வைக்கும்போது நாங்கள் சொல்லுகிற சொல்தான் நாக்கில் வந்தது.

"பெடியன் 'நோ குட்' எண்டு சொல்லுறார். கெட்டிக்காரன் இல்லையாம். ஒழுங்கா இருக்கத் தெரியாதாம். உங்களுக்குத் தொல்லையாம். 'சொறி' எண்டுறார்."

டேவிட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பாட்டனை அவன் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். பிறகு கதிரையிலிருந்து வழுக்கி இறங்கிப் பின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

பெரியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை விளையாடப் போகிறான் என்று நினைத்து, இப்போது சமயம் என்று மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஒரு சிறிய பெட்டியை லென்னின் பக்கமாகத் தள்ளி வைத்தார். இருவரும் சேர்ந்து குனிந்தார்கள். இப்படிப்பட்ட பேரனை எங்கள் எளிய வீட்டுக்கு டிசம்பர் விடுமுறையில் அனுப்பி வைத்தால் பெரிய உபகாரம் என்று பெரியவர் கேட்டார். நான் அதையும் சொன்னேன்.

லென்னின் கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"அண்டைக்கு நான் தகுதியில்லை. இண்டைக்கு என்ர பிள்ளையும் தகுதியில்லையோ? பிறகு ஏன் கேக்கினம்? வேலைக்காரனாக்கவோ? சொல்லு அவைக்கு. அவனை நல்லவன் எண்டு நினைக்கிற இடத்திலேயே அவன் இருக்கட்டும்."

அதை நான் சொல்லவில்லை. கூட்டாதே குறைக்காதே என்றவரின் முன்னாலேயே குறைத்துவிட்டேன். தகப்பன் யோசித்துச் சொல்வார் என்றேன்.

இருவரும் மறுபடி குனிந்தார்கள். ஆனால் லென்னின் முகத்தை வாசிக்க மொழி வேண்டியதில்லை. நிமிர்ந்தபோது அந்த அம்மாளின் கண் பின் கதவைப் பார்த்தது. அது இன்னும் திறந்தே கிடந்தது.

5

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்குக் கிளேற்றனிலிருந்து பரிமளம் அக்கா வந்திருந்தா. ஊரில் நாங்கள் அறியாதவ. இங்கே வந்த பிறகு எல்லோருக்கும் அக்காவானவ. முறுக்கு ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தா. நான் ஒரு மூலையில் இருந்தேன். எங்கோ பிழை நடந்துவிட்டது என்று தெரியும். எங்கே என்று தெரியவில்லை.

"வாணி வகுப்பில முதலாம் பிள்ளையாமே, புஷ்பம்? என்ர மகன் சொன்னவன்."

"ஐயோ, ஆரக்கா சொன்னது?" என்றாள் என் மனைவி. "முதலாம் பிள்ளை! புத்தகத்தை மடியில வைச்சுக்கொண்டு ரீவி பாக்கிறதுதான் படிப்பு. ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது. இவரைக் கேட்டுப் பாருங்கோ."

நானும் என் பங்குக்கு, "பகல் முழுக்க நித்திரை" என்றேன்.

பரிமளம் அக்கா சிரித்தா. "சும்மா விடுங்கோ. அவள் தங்கம்."

வாணி அறை வாசலில் நின்றது எங்களுக்குத் தெரியாது. அவள் தமிழில் விளங்கிக்கொள்வாள், இங்கிலீஷில் மறுமொழி சொல்வாள். அன்றும் அப்படித்தான்.

"வை டு யூ ஆல்வேஸ் ரெல் பீப்பிள் ஐ ஆம் நோ குட்?"

அதே இரண்டு சொற்கள். மத்தியானம் நான் சொன்னவை. பின் கதவால் போன பிள்ளையின் முகமும் இந்த முகமும் ஒன்றாகவே இருந்தன.

"கண்ணூறு படுமடி பிள்ளை," என்றாள் புஷ்பம். "எங்கட பிள்ளையை நாங்களே நல்லது எண்டு சொல்லுறதோ?"

"தென் ஹூ வில்?"

பின்னை யார்தான் சொல்வது என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பரிமளம் அக்கா முறுக்குப் போத்தலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தா.

மறுநாள் தேநீர் இடைவேளையில் லென்னின் கண்ணாடி அறைக்குப் போனேன். அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூப்பிடாமல் அந்த அறைக்குள் நான் போனதில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். என் இங்கிலீஷ் போதவில்லை. கையாலும் சொன்னேன். பிறகு வாணியைச் சொன்னேன். என் மகள் வகுப்பில் முதலாவது, ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சோம்பேறி என்றுதான் சொல்வோம், அது எங்கள் வழக்கம், அவர்களுக்கும் அதே வழக்கம் என்றேன்.

"மற்றவன்ர பிள்ளையெண்டா புகழலாம். அது மரியாதை. தங்கட பிள்ளையெண்டாத்தான் குறைச்சுச் சொல்லுறது. அவர் டேவிட்டை நோ குட் எண்டது தன்ர எண்டு நினைச்சபடியா. நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேணும். எனக்கு அப்ப ஓடேல்லை."

லென் தேநீர்க் குவளையை மேசையில் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் போகத் திரும்பினேன்.

"பக்கத்து வீட்டு மனிசி டேவிட்டைப் பற்றி நல்லதா ஏதும் சொன்னா," என்றார், என்னைப் பார்க்காமல், "மிச்சிக்கோ உடனே 'நோ, நோ, வெரி நோட்டி பாய்' எண்டு சொல்லுவாள். எனக்கு விசர் வரும். பெடியனுக்காக வாயைத் திறந்து நல்லது ஒண்டு சொல்லன் எண்டு சண்டை பிடிச்சிருக்கிறன். பிறகு அவள் ஒண்டும் சொல்லுறதில்லை. ஆரும் புகழ்ந்தா சும்மா சிரிச்சுக்கொண்டு நிப்பாள்."

குவளை நின்றது.

"போ, செல். மெசின் நிக்குது."

6

அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் லென் என்னை மறுபடி வரச் சொன்னார். பெட்டிகள் கட்டி வாசலில் வைக்கப்பட்டிருந்தன. படத்தின் முன்னால் புதுத் தேநீர். டேவிட் கால்பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு நடைச் சுவரோடு சாய்ந்து நின்றான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் பாட்டன், பாட்டி இருவரின் பக்கமும் போகவில்லை என்று லென் சொன்னார்.

பெரியவர் கதிரையின் நுனியில் இருந்தார். இந்த முறை வெயிலும் இல்லை, முழங்காலும் இல்லை. நேராகத் தொடங்கினார்.

"டேவிட் அருமையான பிள்ளை. மிகுந்த அறிவு. நல்ல ஒழுக்கம். இவ்வளவு சிறப்பாகத் தகப்பனார் வளர்த்திருக்கிறார். பார்த்ததில் எங்களுக்கு நிம்மதி. இனி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. சந்தோஷமாகப் போகிறோம்."

டிசம்பர் என்ற பேச்சே இல்லை.

கொள்ளுப்பிட்டி வீட்டில் அம்மா என்னை விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்வது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: எங்கள் வீட்டுச் செல்லத்துரை, மந்தம், சோற்றைக் கூட அடிப்பிடிக்க வைப்பான். அவர்கள் நாட்டுக்குத் திரும்பிப் போக இருந்தபோது, வீட்டை எடுக்க வந்த புது ஆட்களிடம், மிக நல்ல சமையல்காரன், நேர்மையானவன் என்றார். நான் தேநீர்த் தட்டோடு நின்று அதைக் கேட்டேன். இனி நான் அந்த வீட்டு ஆள் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பெரியவர் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் லென்னிடம் சொன்னேன். "வெரி குட் பாய் எண்டு சொல்லுறார். கெட்டிக்காரனாம். நீங்கள் நல்லா வளர்த்திருக்கிறியளாம். கவலை இல்லாமல் போகினமாம்."

லென் வாசலில் இருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்டைக்கு நோ குட். இண்டைக்கு வெரி குட்."

"ஓம்."

"மற்றவன்ர பிள்ளையைத்தானே புகழுறது எண்டு சொன்னனி?"

"ஓம்."

"அப்ப விட்டிட்டினமோ?"

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "ஓம், லென். விட்டிட்டினம்."

அந்த அம்மாள் மடியில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு இருந்தார். மிச்சிக்கோவும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்தேன். லென்னும் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேவிட், இஞ்ச வா."

பெடியன் வந்தான். லென் அவன் தலையில் தன் பெரிய கையை வைத்தார். கழுத்து மறுபடி சிவந்தது. ஆனால் அது வேறு சிவப்பு.

"அவருக்குச் சொல்லு, செல். இந்தப் பெடியன் ஒண்டுக்கும் உதவான். கட்டில் விரிக்கத் தெரியாது. சாப்பாட்டு மேசையில இருக்கத் தெரியாது. தாயின்ர பாஷையில ஒரு சொல் தெரியாது. என்னால ஏலாது. டிசம்பரில அனுப்பிவிடுறன், கொஞ்சம் திருத்தி அனுப்பச் சொல்லு."

"டாட்!" என்றான் டேவிட். ஆனால் அவன் முகத்தில் கோபம் இல்லை. தகப்பன் அவனுக்கு முன்னமே அந்த வழக்கத்தைச் சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது.

என் கிழவி ஜப்பானியத்தில் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். ஒன்றுக்கும் உதவான் என்பதற்குப் பெரியவர் அன்று சொன்ன சொல்லையே, ஃபுதெக்கி என்றே போட்டேன்.

இப்போது பெரியவர் "இய்யே, இய்யே" என்று மறுத்துப் புகழவேண்டும். அதுதான் முறை. கொள்ளுப்பிட்டியில் நான் ஊற்றிய அத்தனை தேநீரிலும், இன்னொருவர் தன் பிள்ளையைக் குறை சொல்லும்போது ஆமாம் என்று ஒத்துக்கொண்ட ஒருவரை நான் கண்டதில்லை. பெரியவர் வாயைத் திறந்தார். அந்த அம்மாள்தான் முந்திக்கொண்டார்.

"ஆமாம்," என்றார். "உண்மைதான். ஒன்றுக்கும் உதவாத பிள்ளை. எங்களிடம் அனுப்புங்கள்."

சொல்லிவிட்டு நிலத்தில் முழங்கால் இட்டு இருந்து, அவிழ்ந்து கிடந்த டேவிட்டின் சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடிய நெடுநேரம் எடுத்தது. டேவிட் காலை இழுக்காமல் நின்றான். பெரியவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படத்தின் முன்னால் இருந்த குவளையைச் சரியாக வைப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

7

டேவிட் அந்த டிசம்பரும் போனான், அடுத்த டிசம்பரும் போனான். திரும்பி வந்தபோது சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடப் பழகியிருந்தான். லென்னுக்கு அது பெரிய குறை. கன்டீனில் எல்லோருக்கும் அந்தக் குறையைச் சொல்லுவார்.

எங்கள் வீட்டில் வாணிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இட்ஸ் ஸ்டில் நொட் ஃபெயர், அப்பா" என்றாள். அது நியாயம்தான். அவளுக்கு நேரே நல்லதாக ஒன்று சொல்ல நானும் பழகிப் பார்க்கிறேன். வாய் இன்னும் கூசுகிறது. போன மாதம் அவளுடைய வெள்ளைக்காரச் சிநேகிதி வந்தபோது, "திஸ் இஸ் மை டாட். ஹீ இஸ் ஹோப்லெஸ்" என்று என்னை அறிமுகம் செய்தாள். புஷ்பத்துக்குக் கோபம். எனக்கு இல்லை.

பெரியவர் மூன்று கிழமைக்கு முன் இறந்துபோனார். நேற்றுக் காலை லென் என் மெசினடியில் நின்று சொன்னது இதுதான். வீடு நிறையக் கறுப்பு உடுப்பில் வயதான சனம். லென்னுக்கு ஒருவர் பேசுவதும் விளங்கவில்லை. அந்த அம்மாள் டேவிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் முன்னால் கூட்டிக்கொண்டு போய்க் குனிந்தாராம். ஒவ்வொருவரிடமும் ஒரே சொல்லைச் சொன்னாராம்.

"ஆரிட்டயும் கேக்கேல்லை நான்," என்றார் லென். "கேக்க வேண்டியிருக்கேல்லை."

பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். அவர் நாக்குக்கு வந்தபடி, பாதி இங்கிலீஷாக.

"ஃபுதெக்கி."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சொல்லுக்கு வெளி ஆள் சொல்லவேண்டிய மறுமொழி ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியும். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தேன். மெசினுக்கும் தகரக் கட்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில் இடுப்புவரை குனிந்தேன்.

"இய்யே, இய்யே," என்றேன். "இல்லை, இல்லை. அருமையான பிள்ளை."

லென்னும் தன் பெரிய உடம்பை வளைத்துக் குனிந்தார். அடுத்த மெசின்காரன் எங்களை விசித்திரமாகப் பார்த்தான். மணி அடித்தது. பஞ்சைத் திரும்பவும் காதில் செருகிக்கொண்டேன்.